மயிலையின் கழுத்தும் டீசல் வண்டியும்

2-12-1963, திங்கள்

காபி கொண்டுபோனால் இவரைக் காணோம். பிக்கப் வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. "காபி காலுக்கா, வாய்க்கா?" என்றேன். கால் ஆடியது. பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

பட்டாளத்தில் கழித்துவிட்ட வண்டி. எங்கேயோ ஒரு டீசல் இன்ஜின் வாங்கி அதற்குள் பொருத்தி ஓட்டுகிறார். அது கிளம்பினால் செஞ்சி பஜார் முழுக்கத் தெரியும், ஜீவராஜ் கிளம்பிவிட்டார் என்று. (பேரை வாயால்தான் சொல்லக்கூடாது. எழுதினால் என்ன, யார் பார்க்கப் போகிறார்கள்.)

இப்போது அதன் பின்னால் ஒரு டிரெயிலரைக் கட்டி, மல்லாட்டை மூட்டைகளைத் திண்டிவனம் கடலை எண்ணெய் மில்லுக்கு இழுக்கப் போகிறாராம். எனக்கு மில் கவலை இல்லை, எங்கள் காளை மயிலையின் கவலைதான். இத்தனை வருஷம் மாட்டு வண்டி இழுத்து, நுகத்தடி பட்டுப்பட்டு, அதன் கழுத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் புண். இனி நுகம் வைக்கவே கூடாது என்று மாட்டு டாக்டர் சொல்லிவிட்டார். இவருடைய அண்ணன் விருஷபதாஸ் மாமா கேட்கிறார், "அப்ப மூட்டை எல்லாம் இன்னா, நடந்தா போவும்?" பொங்கல்வரைக்கும் பொறுப்பாராம். அதற்குள் டீசல் இழுக்காவிட்டால் மயிலையைத்தான் கட்ட வேண்டும் என்றார். அவர் கெட்டவர் இல்லை. களத்தில் மூட்டை நனைந்தால் வருஷத்து உழைப்பு போச்சு.

5-12-1963, வியாழன்

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் இராமச்சந்திரன் வந்தார். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, பெண் பார்க்க வந்தவர் மாதிரி உதட்டைப் பிதுக்கினார்.

"இழுக்கறதுக்கு இன்ஜின் இருக்குது அண்ணே. ஆனா முதுகு இல்ல. ஸ்பிரிங் பட்டை கூடப் போடணும். கிளட்ச் தேஞ்சுபோச்சு. ரேடியேட்டர் சின்னது, கொதிச்சுரும். பிரேக்கு… அத்தப் பத்தி நான் பேசவே இல்ல."

"எனக்கும் ஒரு பட்டை சேர்த்துப் போடு தம்பி. குனிஞ்சா எழுந்திரிக்க முடியல" என்றேன்.

"உங்களுக்கு ஸ்பேர் கிடைக்காது அண்ணி. பழைய மாடலு."

இவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! சாயந்திரம் சாம்பாரில் உப்பைக் குறைத்துப் போட்டேன்.

10-12-1963, செவ்வாய்

கிளட்ச் பிளேட் மாற்றியாயிற்று. மோர் சாதத்தில் கிரீஸ் வாசனை.

14-12-1963, சனி

டிரெயிலர் வந்துவிட்டது. பழைய லாரியின் அச்சு, இரண்டு சக்கரம், மேலே புதுப்பலகை. வண்டியின் அடிச்சட்டத்தில் இரும்புப் பட்டை வைத்துப் பற்றவைத்துக் கொக்கி மாட்டியிருக்கிறார்கள். லாரி ரேடியேட்டரும் ஏறிவிட்டது. முன்பக்கம் பார்த்தால் சின்னப் பிள்ளை தாத்தாவின் மூக்குக்கண்ணாடியைப் போட்ட மாதிரி இருக்கிறது.

காலி டிரெயிலரை மாட்டிக்கொண்டு சிங்கவரம்வரை போய்வந்தார்கள். "பூ மாதிரி வருது அண்ணி" என்றார் இராமச்சந்திரன். இவருக்குப் பெருமையில் மீசை ஓரிடத்தில் நிற்கவில்லை.

17-12-1963, செவ்வாய்

முதல் பாரம். மூட்டை ஏற்ற ராஜாராம் வந்தார். எங்கள் வீட்டுக்கு வெகுநாளாய் ஏற்றுகிறவர்தான், இருந்தாலும் நான் பக்கத்தில் நிற்காமல் விடமாட்டேன். "பின்னாடி தள்ளு, இன்னும் பின்னாடி" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். முன்பாரமாய் ஏற்றுவது எங்கள் வீட்டில் வழக்கமே இல்லை, மாமனார் நாளிலிருந்தே. வாயில்லாத ஜீவனுக்கு நம்மால் வலி வரக்கூடாது. அழகாய் அடுக்கி, கயிறு போட்டு, விபூதிப் பட்டை மாதிரி மூன்று கட்டு கட்டி அனுப்பினோம்.

விளக்கு வைக்குமுன் வந்துவிடுவேன் என்று போனவர் இருட்டி வெகுநேரம் கழித்து வந்தார். பொழுது சாய்ந்தால் இவர் சாப்பிடமாட்டார், எங்கள் ஜைன வீடுகளில் வழக்கம் அது. வெறும் வயிற்றோடு படுத்தார். டிரெயிலர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடுகிறதாம். ஊர்ந்துதான் வந்தாராம்.

20-12-1963, வெள்ளி

இன்னொரு ஸ்பிரிங் பட்டை போட்டார்கள். இன்று முன்னைவிட ஆடியது.

"சலங்கை கட்டி விட்டா, கட்டணம் வாங்கலாமே" என்றேன்.

"சும்மா இரு ருக்கு" என்றார். குரலில் சிரிப்பு இல்லை.  

27-12-1963, வெள்ளி

 எழுதினாத்தான் மனசு அடங்கும்.

தீவனூர் தாண்டி இறக்கத்துல எதிர்க்க பஸ் வந்துது. இவர் ஒதுங்கினாரு. டிரெயிலர் ஒதுங்கல — அது பாட்டுக்கு வாலை ஆட்டுனாப்பல வீசி, வண்டியவே திருப்பிடுச்சாம். பள்ளத்து ஓரம் நின்னுது. மூட்டை பாதி ரோட்டுல. பஸ்ல எத்தினி பேரு, புள்ளைங்க. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவல. இவருக்கு முழங்கை சிராய்ச்சிருக்குது, அவ்ளோதான். அவ்ளோதானா?

மாமா வந்து பார்த்தார். "போதும்டா. வானம் வேற மூடுது. பொங்கலும் வேணாம் ஒண்ணும் வேணாம். திங்கக்கெழம மயிலையக் கட்டு."

 

28-12-1963, சனி

மயிலைக்கு வேப்பெண்ணெய் தடவினேன். தோல் இப்போதுதான் மூடிக்கொண்டு வருகிறது. நாளை ஒரு நாள்தான். இன்னா பண்றது?

29-12-1963, ஞாயிறு

காலையில் ஆளனுப்பி இராமச்சந்திரனை வரவழைத்தேன். "காலி டிரெயிலர இழுத்துப் பாத்துட்டுப் பூவு பூவுன்னா எப்படி தம்பி? மூட்டையோட ஒருவாட்டி பாரு. வீட்டு வாசல்லயே பாரு" என்றேன். அவருக்கும் மனசு உறுத்தியிருக்கிறது. சரி என்றார்.

ராஜாராம் மூட்டை ஏற்றினார், நான் பக்கத்தில் நின்று அடுக்கச் சொன்னேன். மாமாவும் இவரும் வாசலுக்கு வந்து நின்றார்கள். இராமச்சந்திரன் குனிந்து கொக்கியைப் பார்த்தார். பிறகு வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார். "எல்லாரும் தள்ளி நில்லுங்க" என்று சொல்லிவிட்டுச் சுத்தியலால் கொக்கியின் ஆணியைத் தட்டினார்.

அவ்வளவுதான். டிரெயிலரின் முன்கட்டை கிணற்று ஏற்றத்து மரம் மாதிரி ஆகாயத்துக்குப் போயிற்று. பின்பக்கம் தரையில் மோதி, மூட்டைகள் சரிந்து ஓடிவந்தன. ராஜாராம் இந்த வயசில் அப்படித் தாண்டுவார் என்று யாருமே நினைத்ததில்லை.

"பாரம் அத்தனையும் பின்னாடி! வண்டியோட பின்சக்கரத்தயே மேல தூக்கிக்கிட்டு இருந்திருக்குது. சக்கரம் ரோட்ட அழுத்தலன்னா ஆடாம இன்னா பண்ணும்? யாரு இப்படி அடுக்கச் சொன்னது?" என்று கத்தினார் இராமச்சந்திரன்.

ராஜாராம் துண்டை உதறினார். ஆகாயத்தைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"நான்தான்" என்றேன். "முன்பாரம் வச்சா கழுத்து புண்ணாயிடும்னு…"

"யாரு கழுத்து அண்ணி?"

மயிலை நின்ற பக்கம் கையைக் காட்டினேன்.  

"வண்டிக்கு ஏது அண்ணி கழுத்து?"

முதலில் மாமா சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததே குறைச்சல். அப்புறம் இவர் வண்டியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர வர. எனக்கும் அடக்க முடியவில்லை. மாட்டுக்குப் பார்த்த தாட்சண்யத்தை டீசலுக்கும் பார்த்திருக்கிறேன்! நான்தான் ஆட்டி வைத்துவிட்டு, நானே சலங்கை கட்டச் சொல்லியிருக்கிறேன்.

மூட்டைகளை மறுபடி அடுக்கினோம், கனம் அச்சுக்குச் சற்று முன்னால் இருக்கும்படி. கொக்கியில் கொஞ்சம் பாரம் உட்கார்ந்தது. கூடப் போட்ட பட்டைகள் அப்போதுதான் வேலை செய்ய ஆரம்பித்தன. மேல்மலையனூர் ரோட்டில் ஓட்டிப் பார்த்தார்கள். நானும் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். திரும்பித் திரும்பிப் பார்த்தேன். நல்ல மருமகள் மாதிரி பின்னாலேயே வந்தது.

"நாளைக்கி மயிலையக் கட்டணுமா மாமா?" என்று கேட்டேன்.

"மொதல்ல உன் வாயக் கட்டணும்" என்றார்.

2-1-1964, வியாழன்

திண்டிவனம் போய் மூட்டையை இறக்கிவிட்டு, வெயில் இருக்கும்போதே வந்துவிட்டார். கேழ்வரகுக் களி சாப்பிட்டார், எத்தனை உருண்டை என்று எண்ணாமல்.

11-1-1964, சனி

கடைத்தெருவில் நடக்க முடியவில்லை. வளையல்கார நாகம்மாள் கேட்கிறாள், "டீசல் வண்டிக்குக் கழுத்துல வேப்பெண்ணெ தடவுறியாமே ருக்மணி?" இவர்தான் சொல்லியிருப்பார். நான் செய்த இத்தனை வருஷத்துக் கேலிக்கும் சேர்த்து வசூல் பண்ணுகிறார். பண்ணட்டும். கடைசி மூட்டையும் இன்று மில்லுக்குப் போய்விட்டது.

9-2-1964, ஞாயிறு

மயிலையின் கழுத்தில் மயிர் முளைத்துவிட்டது. வேலை இல்லாததால் கொழுப்பும் கூடவே முளைத்திருக்கிறது. கொடியில் காய்ந்த என் ரவிக்கையைப் பாதி தின்றுவிட்டது.

இன்று காலை இவர் புண்ணாக்கு ஏற்றிவர டிரெயிலரோடு கிளம்பினால், தெரு நடுவில் அது படுத்துக்கொண்டு அசைபோடுகிறது. ஹாரன் அடித்தார். காதைக்கூட ஆட்டவில்லை. மறுபடி அடித்தார்.

மாமா வீட்டுக்குள்ளிருந்து வெளியே வந்தார். மயிலையைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார்.

"இன்னாடா அவசரம்? படுத்திருக்குது இல்ல?" என்று தம்பியை அதட்டிவிட்டு, மயிலை பக்கத்தில் குந்தி அதன் கழுத்தைச் சொறிந்துகொடுக்க ஆரம்பித்தார்.

இவர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார்.