இவரின்ரை புது வேப்பும் ஊதுற மெசினும்

மாசி (பெப்ரவரி) 2, திங்கள். மழை.

...அப்ப நீயே சொல்லு அம்மாளாச்சி. லண்டன் ஈலிங்கிலை உன்ரை கோயில் வாசலிலை, கற்பூரத்துக்கு மேலை கை பிடிச்சு, இனிச் சிகரெட் தொடேன் எண்டு சத்தியம் பண்ணின என்ரை மனிசன், இவர். நான் பக்கத்திலை நிண்டனான். நீயும் பாத்துக்கொண்டு தான் இருந்தனி. இண்டைக்கு இவர் ஊதின மெசினிலை பதின்மூண்டு.

பதின்மூண்டு.

புகை குடிக்கிற ஆக்களின்ரை மூச்சிலை ஒரு நச்சுக் காத்து இருக்குமாம். அந்த மெசின் அதை இலக்கத்திலை காட்டும். ஆறுக்குக் கீழை எண்டால் குடியாத ஆள். மார்கழியிலை இவருக்கு இருவத்திநாலு. பேந்து சிகரெட்டை விட்டுப்போட்டு இந்த வேப் பேனையை, நெருப்பில்லாமல் நிக்கொட்டின் ஆவி மட்டும் விடுற மின் சிகரெட்டை, பிடிச்சு, பொங்கலுக்கு முதல் திங்கள் நாலு. அந்த நாலைக் கண்ட சந்தோசத்திலை தானே உனக்கு நேத்திக்கடன் வைச்சனான். கால் ஒப்பரேசன் நல்லபடி முடிய வேணும், பொங்கலிலை இருந்து நாப்பத்தொரு நாள், ஒருநேரச் சாப்பாடு, காலமையும் பின்னேரமும் சாம்பிராணி. ஒரு நாள் பிசகேல்லை. நான் இஞ்சை பட்டினி. இவர் எங்கையோ மறைஞ்சு நிண்டு சிகரெட் பத்துறார்.

காலிலை ரத்தக் குழாய் அடைச்சுக் கிடக்கு. நாலு வீடு தாண்டினால் நிண்டு கெண்டையைப் பிடிக்கிறார். படி ஏற ஏலாமல் முன் அறையிலை செற்றியிலை தான் படுக்கை, உன்ரை படத்துக்கு நேர் கீழை. பெரிய டொக்டர் முகத்துக்கு நேரை சொன்னவர், சிகரெட் பத்துற ஆளுக்குக் கத்தி வைக்கமாட்டன், திரும்ப அடைக்கும், பேந்து விரல் போகும், பேந்து கால் போகும் எண்டு. ஒப்பரேசன் மாசி 24.

இந்தச் சிகரெட் விடப்பண்ணுற கிளினிக் எண்டது மருந்துக்கடைக்குப் பின்னாலை ஒரு சின்ன அறை. அங்கை மெசினோடை இருக்கிறது மதுரைப் பக்கத்துப் பிள்ளை, தங்கமான பிள்ளை. தான் திட்டமாட்டாவாம், எப்பவாவது ஒண்டு ரண்டு பத்தினால் சொல்லச் சொல்லிக் கேட்டா. இவர் இல்லைப் பிள்ளை, இல்லைப் பிள்ளை எண்டு தலையை ஆட்டினார். வீட்டைச் சூடாக்கிற காஸ் பொயிலரைப் பற்றியும் கேட்டவ, அது பழுதெண்டாலும் அந்தக் காத்து வருமாம். கவுன்சில் பெடியன் மார்கழியிலை தான் வந்து பாத்து, எல்லாம் சரி எண்டு தாள் ஒட்டிப்போட்டுப் போனவன், பொயிலரிலை பழி போடாதேங்கோ எண்டு நானே சொன்னன்.

அவவின்ரை யோசினை: உந்தப் பேனை காணாது, ஆசை அடங்காமல் தான் களவாய்ப் பத்துறாராக்கும், நல்லதொரு வேப் வாங்குங்கோ. அடுத்த திங்கள் திரும்ப ஊத வேணும். அப்பவும் உப்பிடியெண்டால் ஆஸ்பத்திரிக்கு எழுதத் தான் வேணுமாம்.

பஸ்ஸிலை வாய் திறக்கேல்லை. வீட்டை வந்து திறந்தன். பக்கத்து வீட்டுக்காரர் சுவரிலை தட்டினவை.

மாசி 3, செவ்வாய். மழை விட்டுக் குளிர் பிடிச்சிட்டுது.

பழைய பேனையின்ரை சீர்:
- ஒழுகும். காற்சட்டைப் பையெல்லாம் பிசின்.
- மத்தியானத்தோடை பற்றறி செத்துப்போம்.
- கருகின மணம். குசினியிலை வெங்காயம் அடிப்பிடிச்ச மாதிரி.

முதல் எறியிற வேப்புகள் இருந்தது, முடிஞ்சால் குப்பை. அரசாங்கம் தடை செய்திட்டுது. பேந்து மூலைக்கடையிலை இவர் தானே போய் மலிவா வாங்கினது உந்தக் கோதாரி. இவரிட்டை விட்டால் இப்பிடித் தான்.

நானே போனன். சால்வையாலை முகத்தை மூடிக்கொண்டு தான் போனன். கோயில் சனம் ஒண்டு கண்டால் காணும், வெள்ளிக்கிழமைக்கிடையிலை லண்டன் முழுக்கத் தெரிஞ்சிடும்.

கடைக்காரர் எங்கடை ஆள், பாரிசிலை கனகாலம் இருந்திட்டு வந்தவராம். நான் திருநீறும் பூசிக்கொண்டு நிக்க, மேலும் கீழும் பாத்தார்.

"என்னக்கா, உங்களுக்கோ?"

வந்த கோவத்துக்கு! இல்லைத் தம்பி, அம்மனுக்கு எண்டு சொன்னன். அதுக்குப் பிறகு அவர் மரியாதையாக் கதைச்சார்.

கையிலை முப்பது பவுண், அதுக்கு மேலை ஒரு சதமும் இல்லை எண்டு முதலே சொல்லிப்போட்டன். மூண்டு எடுத்து வைச்சார். ஒண்டு பழைய பேனைக்குத் தம்பி. அதைத் தொடவே இல்லை. ஒண்டு பெரிசு, ரீவி மாதிரி முகம், மினுங்குற லைற். அது தான் விலை கூட. வியாபாரி தானே, அதைத் தான் தலையிலை கட்டப்போறார் எண்டு நினைச்சன். இல்லை, அவரே தள்ளி வைச்சார். அது பெடியள் புகை விட்டு விளையாடுறதாம். கனகாலம் சிகரெட் பத்தின ஆளுக்கு இறுக்கமா இழுபடவேணும், தொண்டையிலை ஒரு பிடி பிடிக்க வேணும், அப்ப தான் மனம் ஆறும் எண்டார். நடுவிலை இருந்தது தான் சரி. தீப்பெட்டியிலும் கொஞ்சம் பெரிசு. பக்கத்தாலை ஆவியாகிற எண்ணெய் விடலாம், எவ்வளவு கிடக்கு எண்டு வெளியாலை தெரியும். பற்றறி ஒரு நாள் முழுக்க. போன் சார்ஜரே காணும். உள்ளுக்கை சூடாகிற கம்பி கெட்டால் அதை மட்டும் மாத்தலாம், முழுசா எறியத் தேவையில்லை.

ஒழுகுமோ? நிலத்திலை விழுந்தால்? ஒரு போத்தில் எத்தினை நாளைக்கு? கம்பி எத்தினை நாளைக்கு? எல்லாம் கேட்டன். நெல் வாங்கினாலும் கையிலை எடுத்து ஊதிப் பாக்காமல் வாங்கின ஆள் நானில்லை. கருகின மணத்துக்கும் காரணம் சொன்னார். புதுக் கம்பி போட்டு எண்ணெய் விட்டால் பத்து நிமிசம் சும்மா வைக்கோணுமாம், கம்பியைச் சுத்தின பஞ்சு ஊறவேணுமாம். இவர் விட்ட கையோடை இழுத்து இழுத்துக் கம்பியை எரிச்சிருக்கிறார். பத்து நிமிசம் பொறுக்க ஏலாத மனிசன்.

எண்ணெயிலை நிக்கொட்டின் இருவது. கடவுளே, நஞ்சை இலக்கம் சொல்லிக் கேட்டு வாங்குறன். மணம் மின்ட். புகையிலை மணம் வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன், மணம் நினைவைக் கிளப்பும்.

எல்லாம் சேத்து இருவத்தெட்டு. போகேக்கை ஒரு பெட்டி கரி வில்லை சும்மா தந்தார். சீஷா எண்ட ஹூக்காப் புகைக்கு விக்கிறது, சாமிக்குச் சாம்பிராணி போடுறனீங்கள் தானே அக்கா, கொண்டுபோங்கோ, நெருப்புக்குச்சி காட்டினாலே மூளும் எண்டு. நல்ல மனிசன். நான் தான் அவசரப்பட்டுப் பேசிப்போட்டன்.

மாசி 4, புதன். குளிர். உடுப்பு காயுதில்லை.

புது வேப் நல்லாயிருக்காம். சிரிப்பு வேறை. குழந்தைப்பிள்ளைக்கு விளையாட்டுச் சாமான் வாங்கிக் குடுத்த மாதிரிக் கையிலை வைச்சுத் தடவுறார்.

இவர் குளிக்கேக்கை கோட்டுப் பைகளைச் சோதிச்சன். இருந்தது: ரொபி ரண்டு, பஸ் காட், உன்ரை கோயில் திருநீறு மடிச்ச தாள், பழைய மூக்குக் கண்ணாடி. சிகரெட் இல்லை, லைற்றர் இல்லை. சேட்டை மணந்து பாத்தன். மின்ட். சப்பாத்துக்குள்ளையும் கை விட்டன்.

ஒண்டும் பிடிபடேல்லை. அது தான் இன்னும் கோவம். கள்ளன் கெட்டிக்காரன்.

கரி வில்லை நல்லது, நாரி நோகக் குனிஞ்சு முந்தின கரி மாதிரி ஊதிக்கொண்டிருக்கத் தேவையில்லை. இண்டைக்கு ரண்டு போட்டன்.

மாசி 6, வெள்ளி. காத்து, பனி.

யன்னல் கரையெல்லாம் துவாய் அடைஞ்சு வைச்சிருக்கிறன், ஹீற்றிங் காசு வெளியிலை போகாமல். பின்னேரப் பூசை வடிவாச் செய்தன். வீடு முழுக்கச் சாம்பிராணி, உன்ரை முகமே தெரியேல்லை. தேவாரம் பாதியிலை இருக்க இவர் எழும்பி, கோட்டைப் போட்டுக்கொண்டு, காலை இழுத்து இழுத்துப் பின் கதவாலை போறார். பிடிச்சன் எண்டு நினைச்சன். மணியை வைச்சுப்போட்டுச் சத்தமில்லாமல் பின்னாலை போனன்.

குப்பைவாளிப் பக்கத்திலை நிண்டார். கையிலை ஒண்டுமில்லை. வேப்பும் இல்லை. சும்மா வானத்தைப் பாத்து மூச்செடுக்கிறார். என்னைக் கண்டிட்டு, உள்ளுக்கை இருக்க ஏலாமல் கிடக்கு, மூச்சு முட்டுது, தலையும் இடிக்குது எண்டார்.

முப்பத்திரண்டு வருசம் சமைச்சுப் போட்டவளோடை இருக்க மூச்சு முட்டுதாம். நானும் விடேல்லை. மூச்சு முட்டினால் உங்கடை சிகரெட்டோடை போய் இருங்கோ எண்டன். கதவையும் சாத்தினன். பத்து நிமிசத்தாலை திறந்து விட்டன். பனி.

எனக்கும் ரண்டு கிழமையாத் தலையிடி தான். விரதத்தாலை. குளிசை ரண்டு. நான் ஆரிட்டையும் சொல்லிக்கொண்டு திரியேல்லை.

மாசி 8, ஞாயிறு.

பால், கறிவேப்பிலை, உள்ளி. இவரின்ரை வெள்ளைச் சேட் மினுக்க வேணும், நாளைக்குக் கிளினிக். காலமை பூசையிலை எழும்பேக்கை தலை சுத்தினது. சுவரைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். அப்பவும் உன்னை விடேல்லை.

மாசி 9, திங்கள். மத்தியானம். கிளினிக்கிலை இருந்து வந்து வெளியிலை தெரு வாங்கிலை குந்தியிருந்து எழுதுறன். காஸ்காரன் வந்து பாக்குமட்டும் வீட்டுக்குள்ளை போகக்கூடாதாம்.

முறையாச் சொல்லுறன்.

இவர் ஊதினார். பதினேழு. போன கிழமையை விடக் கூட. புது வேப் வாங்கி, ஆறு நாள் நிழல் மாதிரிப் பின்னாலை திரிஞ்சு, பதினேழு. அந்த அறைக்குள்ளையே தொடங்கிட்டன். என்ன சொன்னன் எண்டு இஞ்சை எழுதமாட்டன். கள்ளன் எண்டு சொன்னன். அம்மாளாச்சிக்கு முன்னாலை பொய்ச் சத்தியம் பண்ணின கள்ளன் எண்டு.

இவர் கத்தேல்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுகமா இருந்திருக்கும். அந்தப் பிள்ளையைப் பாத்துத் தான் சொன்னார்.

"பிள்ளை, எழுத வேணுமெண்டால் ஆஸ்பத்திரிக்கு எழுதுங்கோ. காலை எடுத்தாலும் எடுக்கட்டும். நான் பொய் சொல்லேல்லை."

பிள்ளை ஒண்டும் எழுதேல்லை. பேனையை வைச்சுப்போட்டு என்னைப் பாத்தா.

"ஆன்ட்டி, நீங்க ஒரு தடவ ஊதுங்க."

நான் ஏன் ஊதோணும்? பிறந்ததிலை இருந்து ஒரு சுருட்டுத் துண்டும் தொடாத சொண்டு. ஆனால் அதுவும் நல்லது, குடியாத ஆளின்ரை இலக்கம் என்னெண்டு இவருக்குக் காட்டுவம் எண்டு நினைச்சன். புதுக் குழாய் போட்டுத் தந்தா. பதினைஞ்சு எண்ணுமட்டும் மூச்சை அடக்கி, உன்ரை பேரைச் சொல்லி ஊதினன்.

பத்தொன்பது.

மெசின் பழுது எண்டு சொன்னன். அந்தப் பிள்ளை தானும் ஊதிக் காட்டினா. ஒண்டு.

பேந்து கேள்வி. வீட்டிலை ஏதாவது எரிக்கிறனீங்களோ எண்டு. ஒண்டுமில்லைப் பிள்ளை, சாமிக்கு விளக்கும் சாம்பிராணியும் தான் எண்டன். கரியிலையோ, யன்னல் திறந்தோ எண்டு மெல்லமாக் கேட்டா. இவர் எனக்காகச் சொன்னார், காலமையும் பின்னேரமும், யன்னல் பூட்டி எண்டு. கரி மூளேக்கை வாறதும் சிகரெட்டிலை வாறதும் ஒரே நச்சுக் காத்தாம். மணமும் இல்லையாம். அது தான் தலையிடியாம், தலைச்சுத்தாம்.

பொங்கலுக்கு முதல் திங்கள் நாலு. பொங்கலண்டு நான் நேத்தி தொடங்கினன். அது இந்த மண்டைக்கு இப்ப தான் ஏறுது.

மாசி 9, பின்னேரம்.

காஸ்காரன் ஒருத்தன் வந்து பாத்தான். பொயிலரிலை ஒரு பிழையும் இல்லை. சாம்பிராணித் தட்டைப் பாத்துத் தலையை ஆட்டினான். உந்தக் காத்தைப் பிடிச்சுக் கத்துற அலாரம் ஒண்டும் பூட்டி இல்லையோ எண்டு கேட்டான். கவுன்சில் ஒரு மண்ணும் தரேல்லை எண்டு நல்லாப் பேசி விட்டன். அவனும் எழுதிக்கொண்டு போறான்.

எல்லா யன்னலும் திறந்து கிடக்கு. ஹீற்றிங் காசு தெருவுக்குப் போகுது. பிள்ளை வியாழன் வரச்சொல்லியிருக்கிறா. நல்ல காத்திலை இருந்தால் அதுக்கிடையிலை இலக்கம் இறங்க வேணுமாம். இறங்கினால் ஆஸ்பத்திரிக்கு ஒண்டும் எழுதமாட்டா, ஒப்பரேசன் நடக்கும். ஆறுக்குக் கீழை வரவேணும் தாயே. எனக்கு எத்தினை எண்டாலும் பரவாயில்லை.

இவர் போர்வையைச் சுத்திக்கொண்டு யன்னலடியிலை இருந்து வேப்பை இழுக்கிறார். என்னைப் பேசலாம் தானே. பேசுறாரில்லை. ஒரே ஒரு பகிடி தான் விட்டார், நீ என்னிலும் கூடப் பத்துறாய், இனி ஒழுங்காக் கிளினிக்குக்கு வா எண்டு. எனக்குச் சிரிப்பு வரேல்லை. கள்ளன் எண்டு சொன்னதுக்குத் தேத்தண்ணி ஊத்திக் குடுத்தன். சீனி ரண்டு கரண்டி போட்டன், போடக் கூடாது தான்.

எனக்கு இப்ப உன்னிலை தான் கோவம் அம்மாளாச்சி. இருவத்தாறு நாள். ரண்டு நேரமும் உனக்கு முன்னாலை முழங்காலிலை இருந்தனான். அந்த மனிசன் உன்ரை படத்துக்குக் கீழை கிடந்து அந்தக் காத்தைக் குடிச்சுது. நீ பாத்துக்கொண்டு தானே இருந்தனி. வாய் திறந்து சொல்ல வேண்டாம், ஒரு அறிகுறி காட்டியிருக்கலாம். ஒரு நாளாவது ஒரு சத்தம்

பொறு.

மார்கழியிலை பொயிலர் பாக்க வந்த கவுன்சில் பெடியன் சுவரிலை பூட்டின வெள்ளைப் பெட்டி. பொங்கலுக்கு அடுத்த நாள் வெள்ளி, பூசை நடுவிலை, நான் தீபம் காட்டேக்கை, கீ கீ எண்டு கத்தினது. இவர் குளிச்சுக்கொண்டு நிண்டவர். தோசை சுட்டாலும் கத்துற புகை அலாரச் சனியன் எண்டு நினைச்சு, கதிரையிலை ஏறிக் கழட்டி, துவாயிலை சுத்தி, அரிசி வாளிக்குள்ளை, அரிசிக்கு அடியிலை வைச்சனான். கொஞ்ச நேரம் அரிசிக்குள்ளை கிடந்தும் கத்தினது.