ஒரு சாண் ரப்பர்

இன்று காலை கராஜில் உங்கள் காரின் இஞ்சின் மூடிமேல் ஓர் எலுமிச்சம்பழம் வைத்துப் பார்த்தேன். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பழம் உருளவில்லை, அசையக்கூட இல்லை. புதுப் பெயின்ட் வாசனைக்கு நடுவே சொகுசாக உட்கார்ந்திருந்தது. ஐந்து நிமிடம் பார்த்தேன். பிறகு அதை எடுத்துத் தரையில் ஓங்கி அடித்தேன். பாஸ் பயந்துவிட்டார். கராஜ்காரரை நாம் எப்போதும் பாஸ் என்றுதானே கூப்பிடுவோம். "அக்கா, தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டார்.

தண்ணீர் எதற்கு? உங்களை எதிரில் நிறுத்தி நாலு கேள்வி கேட்க வேண்டும். அது முடியாது என்பதால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

போன ஆயுத பூசையன்று காரைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு நம் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் நிறுத்தினீர்கள். நம் கல்யாணத்தைவிட வயதான கார். இஞ்சினை ஓடவிட்டுத்தான் தீபம் காட்ட வேண்டும் என்பது உங்கள் சட்டம். மூடிமேல் வைத்த பழம் குளிர்காய்ச்சல்காரன் பல் மாதிரி கடகடவென்று ஆடி, உருண்டு, சாக்கடைக் கானில் விழுந்தது. மறுபடி வைத்தீர்கள், மறுபடி விழுந்தது. உங்கள் தம்பிமார் இருவரும் சிரித்தார்கள்.

ஒரு மாதமாகவே அந்த நடுக்கம் இருந்தது. ஓடும்போது ஒன்றும் தெரியாது; நின்றால் கார் உதறும், சில நேரம் அப்படியே அணைந்துவிடும். பிளக் மாற்றினீர்கள். கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவினீர்கள். நிற்கும்போது இஞ்சின் ஓடும் ஐட்லிங் வேகத்தைக் கூட்டிவைத்தீர்கள்; பெட்ரோல் குடிக்கிறது என்று மறுபடி குறைத்தீர்கள். நான் மட்டும் வேறொன்றைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இருபது வருடம் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், நம் ஸ்டோரில், தேயிலை சலிக்கும் மெசின்களுக்கு நடுவே நின்றவள் நான். ஒரு பெல்ட் தளர்ந்தால் தரை வழியாக என் பாதத்துக்குத் தெரிந்துவிடும். ஸ்டோரையே நடத்தும் டீமேக்கர் ஐயாவே வந்து, "இந்த மெசின் என்னா சொல்லுது?" என்று என்னிடம் கேட்பார். நீங்கள் கேட்டதில்லை. உங்கள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வரும்போது, பிரேக்கில் கால் வைத்தால் எங்கோ 'ஸ்ஸ்' என்று காற்று இழுப்பதும், அப்போது நடுக்கம் கூடுவதும் எனக்குக் கேட்டது. பிரேக் பெடல் கல் மாதிரி இருக்கிறது என்று நீங்கள் முனகத் தொடங்கியதும் அதே வாரம்தான்.

அன்று வாசலில் அதைச் சொன்னேன். "ரெண்டும் ஒரே வியாதிங்க. பிரேக்குப் பக்கம் எங்கயோ காத்துப் போகுது. பாருங்க."

நீங்கள் தம்பிமாரைப் பார்த்துக் கண்ணடித்தீர்கள். "பிரேக்குக்கும் இஞ்சினுக்கும் என்னாடி சம்பந்தம்? பல்லு வலிக்குதுன்னா கால்ல மருந்து போடச் சொல்லுவ போலருக்கே! போ, போயி தூளச் சலி."

லயமே சிரித்தது. எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. தட்டில் எரிந்த கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்தேன். "நான் சொன்னது சரின்னு உங்க வாயால சொல்ற வரைக்கும் இந்தக் காருல கால வைக்க மாட்டேன். மாரியாத்தா மேல சத்தியம்."

கற்பூரம் அணைத்துச் செய்த சத்தியம். அதை மீறுகிற துணிச்சல் நம் வீடுகளில் யாருக்கு உண்டு?

அதற்குப் பிறகு நான் நடந்தேன். பூண்டுலோயா டவுனுக்குப் பஸ்ஸில் போனேன். ஒருநாள் நல்ல மழை. ஸ்டோரிலிருந்து வரும் வழியில் என் பக்கத்திலேயே காரை ஊரவிட்டு, கதவைத் திறந்துவிட்டீர்கள்.

"ஏறுடி, நனையிற."

"சொல்லுங்க, ஏறுறேன்."

"என்னாத்த சொல்ல?"

"ஒங்களுக்குத் தெரியும்."

அந்த நேரம் பார்த்துக் கார் உதறி அணைந்தது. குடைக்குள் நின்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன். உங்களுக்கும் சிரிப்பு வந்தது, மீசைக்குள் அடக்கிக்கொண்டீர்கள். அன்றைக்கு நீங்கள் சொல்லியிருக்கலாம். வாயிலிருந்த முத்து உதிர்ந்தா போயிருக்கும்?

இறக்கத்தில் கியரை நியூட்ரலில் தள்ளிக் காரைச் சும்மா உருளவிடுவது உங்கள் டிரைவர் கூட்டத்துக்கே உள்ள புத்தி. பெட்ரோலுக்கு வரிசையில் கிடந்த காலத்தில் பிடித்த பழக்கம், பெட்ரோல் வந்த பிறகும் விடவில்லை. கேட்டால், "மலை சும்மா குடுக்குது, வேணாம்னா சொல்றது?" என்பீர்கள். நானுஓயா ஸ்டேசனில் வாடகைக்கு வந்த ஒரு ஹயரை இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பிய அன்றும் அப்படித்தான் உருட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். நியூட்ரலில் இஞ்சினுக்குக் கார் நிற்பதும் உருளுவதும் ஒன்றுதான்; நம் டவுனுக்கு இறங்கும் வளைவில் அது அணைந்திருக்கிறது. இஞ்சின் அணைந்ததும் பிரேக் கல்லாகிவிட்டது. கார் மண் மேட்டில் மோதி நின்றது. ஸ்டியரிங் உங்கள் நெஞ்சில் இடித்தது. இழவுக்கு வந்தவர்கள் எல்லாரும் விதி, விதி என்றார்கள். விதியாம்!

மோதிய காரைச் சரிசெய்து விற்றுவிடத்தான் கராஜில் கொடுத்தேன். பாஸ் இன்று மூடியைத் தூக்கிக் காட்டினார். இஞ்சினிலிருந்து பிரேக்குக்குப் போகும் ரப்பர்க் குழாய், ஒரு சாண் நீளம் இருக்கும்; புதிதாகப் பூட்டியிருந்தார். கழற்றிவைத்த பழைய குழாயின் கழுத்தில் நகம் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு. "இதாலதான் ரெண்டும் அக்கா. காத்து உள்ள போயி இஞ்சின் உதறும். இஞ்சின் இழுக்குற இழுப்புலதான் பிரேக்குக்குத் தெம்பு; இஞ்சின் நின்னா அதுவும் இருக்காது."

"புதுக் குழாய் எங்க வாங்குனீங்க?" என்றேன்.

அவர் துணியில் கையைத் துடைத்தார், துடைத்த கையையே மறுபடி துடைத்தார். "காருக்குள்ளதான் இருந்திச்சு அக்கா. சீட்டுக்குக் கீழ, பேப்பர்ல சுத்தி. சாகுறதுக்கு ஒரு வாரம் முந்தி அண்ணேதான் சொல்லி, நான் நுவரெலியாவுல எடுத்துக் குடுத்தேன். பூட்டவான்னு கேட்டேன். 'இப்ப வேணாம் பாஸ், அவ ஜெயிச்சிட்டான்னு ஆயிரும். கொஞ்சம் போகட்டும், வேற வேலைக்கு வர்றப்ப சேத்து மாத்திக்கலாம்'னாரு. சிரிச்சிக்கிட்டேதான் சொன்னாரு."

ஒரு வாரம்! ஏழு நாள் அந்தக் குழாய்க்கு மேலேயே உட்கார்ந்து ஓட்டியிருக்கிறீர்கள். பத்து நிமிட வேலை என்கிறார் பாஸ். நான் சொன்னது சரி என்று உங்களுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியக் கூடாது. பாவி மனுசா, என்னிடம் தோற்பதைவிட அந்த வளைவு உங்களுக்கு இலேசாக இருந்ததா?

உங்களை மட்டும் திட்டிவிட்டு என்னால் தூங்க முடியவில்லை. கற்பூரத்தை அணைத்த கை என்னுடையது. நான் அந்தச் சத்தியத்தைச் செய்திராவிட்டால், அது வெறும் ரப்பர்க் குழாய்தான். வாங்கிய அன்றே பூட்டியிருப்பீர்கள். அதற்கு ஒரு வெற்றி தோல்வியைக் கட்டித் தொங்கவிட்டவள் நான். மழையில் கதவைத் திறந்தபோது பேசாமல் ஏறி உட்கார்ந்திருக்கலாம். மாரியாத்தா கோபித்திருந்தால் கோபித்துக்கொள்ளட்டும்.

"வாங்க அக்கா, வீட்டுல விடுறேன்," என்று பாஸ் கதவைத் திறந்தார். நான் தயங்குவதைப் பார்த்து, "அண்ணே குழாய் வாங்குனதே ஒத்துக்கிட்ட மாதிரித்தானே," என்றார்.

மாதிரிதான். வாயால் சொல்லவில்லையே. நான் ஏறவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

இப்போதெல்லாம் பஸ்ஸில் போகும்போது ஒவ்வொரு வளைவிலும் என் வலது கால் தானாக நீண்டு தரையை மிதிக்கிறது. பக்கத்தில் இருப்பவர்கள் பார்க்கிறார்கள், ஆனாலும் நிறுத்த முடியவில்லை. இன்றும் மிதித்தேன். எவ்வளவு அழுத்தினாலும் கீழே போகாமல் கல் மாதிரி நிற்கிறது. உங்கள் காலுக்குக் கடைசியாகத் தெரிந்ததும் இதுதானே.