இயந்திரத்துக்குத் தெரியாத மொழி

12 செப்டம்பர், வெள்ளி

கல்லூரியிலிருந்து வந்தபோது அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு சிம்மக்கல் வீட்டு வாசலில் நின்றிருந்தாள். "தம்பி போன் பண்ணினான். கார் அனுப்புறானாம், உடனே திருமங்கலம் வரணுமாம்." தம்பியை போனில் அழைத்துக் கேட்டேன். "நான் பண்ணவே இல்லக்கா! அம்மாவ கார்ல ஏத்திராத" என்று கத்தினான். அதற்குள் ஒரு கார் வந்தது. என்னைப் பார்த்ததும் நிற்காமல் போய்விட்டது.

கணினி உருவாக்கும் போலிக் குரல்களைப் பற்றி அம்மாவை எச்சரித்தவள் நான். வீட்டில் பேசும் சௌராஷ்டிர மொழியில் பேசினால் மட்டும் நம்பு, அது எந்த இயந்திரத்துக்கும் தெரியாது என்று சொல்லிவைத்திருந்தேன்.

"நம்ம பாஷையிலதான்டி பேசினான். அவன் வாயத் தொறந்தாலே உனக்குச் சந்தேகம்" என்று அம்மா திட்டினாள்.

அந்த மொழி அழிந்துவிடக் கூடாதென்று போன வருடம் தம்பியை மணிக்கணக்காகப் பேசவைத்து, பதிவுகளை இணையத்தில் ஏற்றியதும் நான்தான். யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று என் கையாலேயே எழுதினேன்.

சற்றுமுன் தம்பியின் குரலில் ஓர் அழைப்பு. "அம்மா சாப்பிட்டாங்களாக்கா?" அவன்தானா என்று தெரியவில்லை. நேரில் வா என்றேன். "இந்தா வாரேன்" என்றான்.

கதவைத் தாழிட்டுவிட்டேன். அவனே வந்து கூப்பிட்டாலும் ஜன்னலில் முகத்தைப் பார்க்காமல் திறக்கப்போவதில்லை.