கைப்பட்டியில் வந்த துடிப்பு

செவ்வாய், இரவு.

இலங்கைத்துறை மீனவர் செல்வராசாவுக்கு நாங்கள் கொடுத்த, நாடித்துடிப்பை அளக்கும் கைப்பட்டி அனுப்பும் துடிப்புகளைக் கொண்டு, எங்கள் கிளினிக் கணினியில் அவருடைய இதயம் எப்படி இயங்குகிறது என்று காட்டும் நகல் ஒன்றை வளர்க்கிறோம். இரவில் மட்டும் அது படபடத்தது. மாத்திரையைக் கூட்டுவோமா என்று டொக்டர் கேட்டார். இன்று செல்வராசாவின் மனைவியிடம் விசாரித்தேன்.

“உப்புத்தண்ணி பட்டா பழுதாகும் எண்டு கழட்டி வச்சிட்டுத்தான் ராவில கடலுக்குப் போறவர், மிஸ். சும்மா கிடந்தா நீங்கள் ஏசுவீங்கள் எண்டு நான் கட்டிக்கொண்டனான்.”

எனக்குக் கோபம்தான் வந்தது. நல்லகாலம், மாத்திரையைக் கூட்டவில்லை.

அந்த அக்காவின் துடிப்புகளை நகலிலிருந்து அழிக்க உட்கார்ந்தேன். ஒவ்வொரு விடியலிலும் படபடப்பு சட்டென்று அடங்கியிருந்தது. படகு கரைக்கு வரும் நேரம்.

அழிக்கத்தான் வேண்டும். நாளைக்கு அழிக்கிறேன்.