லாரிக் கணக்கு

மார்ச் 3

அன்புள்ள அத்தானுக்கு,

அக்காவுக்கு முதுகெலும்பில் முறிவு இல்லை. எலும்பு டாக்டர் இன்று காலை படத்தைப் பார்த்துச் சொன்னார். நான் கேட்டதால் எழுதியும் கொடுத்தார். கீழ் முதுகில் ஏற்கெனவே பிதுங்கியிருந்த டிஸ்க் இன்னும் கொஞ்சம் பிதுங்கியிருக்கிறது. இரண்டு வாரம் படுக்கை. குலுங்கக் கூடாது, எதையும் தூக்கக் கூடாது. இருபத்தெட்டு வருஷமாக வார்டில் நோயாளிகளைத் தூக்கிப் புரட்டிப் போட்ட நர்ஸிடம் போய் இதைச் சொன்னால் அவள் எங்கே கேட்கப் போகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை லாரி டிரைவரிடம் வாய்வார்த்தையாகச் சொல்லியனுப்பியது உங்கள் குவாரிக்கு எப்படி வந்து சேர்ந்ததோ தெரியாது. அதனால் முழுதாக எழுதுகிறேன்.

அன்று காலை கிளம்பினோம். அக்காதான் ஓட்டினாள். அவள் காரை வேறு யாரும் தொட விடமாட்டாள் என்பது உங்களுக்குத் தெரியாததில்லை. நான் பக்கத்தில். பின்சீட்டில் இரண்டு டிரங்குப் பெட்டி, டிக்கியில் பாத்திரச் சாக்கும் புத்தக மூட்டையும். மூன்று வருஷம் கழித்துப் புருஷனோடு குடியிருக்க வருகிறவள் கைப்பையோடு வருவாளா?

ரயில்வே கேட்டைத் தாண்டும்போது பின்பக்கம் டங்கென்று ஓர் இடி. அடுத்த தண்டவாளத்தில் இன்னொன்று. அக்கா ஸ்டியரிங்கை விடவில்லை. ஓரங்கட்டி, கைபிரேக்கைப் போட்டுவிட்டுத்தான், "டேய், காலைத் தூக்க முடியலைடா" என்றாள். கேட்காரர் ஓடிவந்தார். "என்ன தம்பி, காரும் உக்காந்துருச்சு, அம்மாவும் எந்திரிக்க மாட்டேங்குறாங்க?" என்று கேட்டார். "அது உக்காந்ததாலதான்யா நான் எந்திரிக்கல" என்று அக்காவே பதில் சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் அழுதுவிட்டாள்.

காரை இழுத்துவந்து பட்டைக்காரரிடம் விட்டிருக்கிறேன். பின்சக்கர ஸ்பிரிங்குக்குப் பட்டை அடுக்கிக் கட்டும் பட்டறைக்காரர்தான். ஊரே அவரை அப்படித்தான் கூப்பிடுகிறது. பின் அச்சு எழும்பி வண்டியின் அடிவயிற்றில் மோதியிருக்கிறது என்கிறார். ரப்பர் தடுப்பு இரண்டும் சப்பை. இடதுபக்க ஷாக் அப்சார்பரின் தண்டு வளைந்துவிட்டது. ஏன் இப்படி ஆனது என்று கழற்றிப் பார்த்துத்தான் சொல்வாராம்.

அக்கா உங்களுக்கு எதுவும் சொல்லச் சொல்லவில்லை.

அன்புடன்,
உங்கள் மைத்துனன்

---

மார்ச் 5

மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்தபோது நான் ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தேன். படுத்தபடியே படித்தேன். எழுந்து உட்கார்ந்திருந்தால் தலை இடித்திருக்கும், அவ்வளவு கோபம்.

ரப்பர் தடுப்பு சப்பையாகிற அளவுக்குப் பின்பக்கம் இறங்கியிருந்தது உன் கண்ணில் படவில்லையா? ஊரில் இருக்கிற கிழடு கட்டைக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிறாய். உன் மூக்கில் ஒன்றை மாட்டிக்கொண்டால் என்ன?

ஜனவரியிலேயே தெளிவாக எழுதினேன். பட்டை தொய்ந்திருக்கிறது, புதுசு வாங்க அவசரமில்லை, அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே ஓர் இரும்புக் கட்டையை வை, வண்டி நிமிர்ந்துவிடும் என்று. அதோடு ஷாக் அப்சார்பரையும் மாற்று என்று. நீ கட்டையை வைத்தாயா, இல்லை பட்டறையில் எவனோ சொன்னதைக் கேட்டு வேறு எதையாவது செய்தாயா? என் ஷெட்டில் ஓடுகிற லாரியில் பாதிக்குக் கட்டை போட்டிருக்கிறேன். ஒன்றாவது உட்கார்ந்தது உண்டா, வந்து பார்.

எனக்கு ஒரு சந்தேகம். மனதில் வைத்துக்கொள்வானேன், எழுதிவிடுகிறேன். அவள் இங்கே வருவது உனக்குப் பிடிக்கவில்லை. அவள் வந்துவிட்டால் உன் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவர யார் இருக்கிறார்கள்? உன் மனைவிக்குக் காய்ச்சல் என்றால் யார் ஊசி போடுவார்கள்? வண்டி பாதி வழியில் நின்றது உனக்கு லாபம்தானே.

அச்சு நேராக இருக்கிறதா, கோணியிருக்கிறதா என்று நூல் பிடித்துப் பார்க்கச் சொல். இடது ஷாக் அப்சார்பரின் கீழ்க் காதில், போல்ட் மாட்டுகிற வளையத்தில், விரிசல் இருக்கிறதா பார். வளைந்த தண்டைத் தூக்கிப் போட்டுவிடாதே, எனக்கு அனுப்பு. நான் பார்க்க வேண்டும்.

அவள் எப்படி இருக்கிறாள் என்று அடுத்த கடிதத்தில் எழுது.

உன் அத்தான்

---

மார்ச் 8

அத்தானுக்கு,

"அன்புள்ள" என்று எழுதிப் பார்த்தேன். கை வரவில்லை.

பட்டைக்காரர் நேற்று கழற்றிவிட்டார். நான் பக்கத்திலேயே நின்றேன். நீங்கள் சொன்ன கட்டை நீங்கள் சொன்ன இடத்தில் அப்படியே இருந்தது. அளவும் நீங்கள் எழுதிய அளவுதான். அதைக் கையில் எடுத்து, "இதை யாரு போடச் சொன்னது?" என்று கேட்டார். அத்தான் என்றேன். "அவரு என்ன வேலை பாக்குறாரு?" லாரி ஷெட்டில் மேஸ்திரி என்றேன். சிரிக்க ஆரம்பித்தவர், அக்கா விஷயம் தெரிந்தவர் என்பதால் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

லாரியில் பட்டை மேலே, அச்சு கீழே. நடுவில் கட்டை வைத்தால் வண்டி மேலே போகும். இந்தக் காரில் அச்சு மேலே, பட்டை கீழே. நடுவில் அதே கட்டையை வைத்தால் வண்டி கீழே வரும். தொய்ந்துபோன வண்டியை நிமிர்த்தச் சொன்ன நீங்கள் அதை இன்னும் இரண்டு விரல் இறக்கியிருக்கிறீர்கள். அதன்மேல் பெட்டியும் புத்தகமும். அதற்கப்புறம் அச்சு துள்ள இடம் ஏது? புது ஷாக் அப்சார்பர் போட்டோம், உண்மை. நீட்டி மடக்க இடமே இல்லாத வண்டியில் அது தண்டை வளைத்துக்கொள்ளாமல் வேறு என்ன செய்யும்? பட்டைக்காரர் ஒரே வாக்கியத்தில் முடித்தார்: "கார்ல வந்து லாரிக் கணக்கு போட்டிருக்காரு."

நான் கவனிக்கவில்லை என்கிறீர்கள். வண்டி வேலை முடிந்து வந்த அன்று போட்டோ எடுத்து அனுப்பினேனே, ஞாபகமிருக்கிறதா? பின்சக்கரம் பாதி உள்ளே போயிருந்தது. அக்கா கதவில் சாய்ந்து நின்றாள். அதைப் பார்த்து நீங்கள் எழுதிய பதில் இது: "பெயின்ட் ஜோர்." சக்கரத்தையும் பார்க்கவில்லை, பக்கத்தில் நின்றவளையும் பார்க்கவில்லை. எனக்கு ஸ்பிரிங் தெரியாது. தெரிந்தவர் சொன்னதைச் செய்தேன். நீங்கள் தெரிந்தவர்.

என் பிள்ளைகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்தப் பத்தியை மட்டும் அக்காவுக்குப் படித்துக் காட்டவில்லை. மற்றதைப் படித்தேன். கேட்டுவிட்டு, "அச்சு நேரா இருக்கானு கேட்டிருக்காரு, ஷாக்குக்குக் காது வலிக்குதானு கேட்டிருக்காரு. பரவாயில்ல, நல்ல மனசு" என்றாள்.

அவள் எப்படி இருக்கிறாள் என்று எழுதச் சொன்னீர்கள். என்னை! அவளுக்கு ஒரு வரி எழுதினால் உங்கள் பேனா முள் உடைந்துவிடுமா? படுத்திருக்கிறாள். திரும்பிப் படுக்க ஆள் வேண்டும். ஒரு வருஷச் சம்பளமில்லா லீவு எழுதிக் கொடுத்துவிட்டு உங்களிடம் வரக் கிளம்பியவள் இப்போது என் வீட்டு முன்னறையில் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அப்படித்தான் இருக்கிறாள்.

தண்டை இந்தக் கடிதம் வரும் லாரியிலேயே கொடுத்தனுப்புகிறேன். வைத்துக்கொண்டு பாருங்கள்.

மைத்துனன்

---

மார்ச் 12

மாப்பிள்ளைக்கு,

இங்கே ஆபீஸ் கார் ஒன்று இருக்கிறது. அதற்கு அடியில் நுழைந்து பார்த்தேன். அச்சு மேலேதான் இருக்கிறது. சரி. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் கட்டையை வைத்ததும் வண்டி இறங்கியதே, அப்போதே "ஏன் அத்தான் இப்படி?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால்? தெரியாதவன் கேட்க வேண்டும். நீ கேட்கவில்லை. வண்டி தாழ்ந்து, அழகாக நின்றது; போட்டோ எடுத்தாய். பாதிப் பழி உனக்கு. அதை நான் விடமாட்டேன்.

இப்போது சொல்வதையாவது சரியாகக் கேள். கட்டையைத் தூர எறி. பழைய பட்டை வேண்டாம். ஏழு பட்டை அடுக்கச் சொல். கீழ்ப்பட்டை இரண்டும் தடிமனாக இருக்கட்டும். ஷாக் அப்சார்பர் இருப்பதிலேயே கெட்டியானது. அவள் வீட்டையே பெயர்த்து டிக்கியில் போட்டாலும் அசையக் கூடாது. மெத்தென்று இருக்கட்டும் என்று பட்டைக்காரர் சொன்னால் கேட்காதே. பாரத்தோடு மெத்தென்று போனால் மறுபடியும் இடிக்கும்.

இருபத்தைந்தாம் தேதிக்குள் அவள் வந்துவிடுவாள் என்று மானேஜரிடம் சொல்லிக் குவார்ட்டர்ஸ் வாங்கியிருக்கிறேன். இரண்டு அறை. சமையலறைக்கு ஜன்னல் இல்லை என்பதால் சுவரை இடித்து நானே ஒன்று வைத்தேன். மெயின் ரோட்டிலிருந்து ஷெட் வரைக்கும் குழியான இடங்களில் கல்தூளைக் கொட்டி ரோலர் விட்டிருக்கிறேன். "எதுக்கு மேஸ்திரி இதெல்லாம்?" என்று டிரைவர்கள் கேட்டார்கள். லாரிக்கு நல்லது என்று சொல்லிவைத்தேன்.

நான் வந்து கூட்டிக்கொண்டு போகலாமே என்று நீ மனதில் நினைப்பது தெரிகிறது. மூன்று வருஷத்துக்கு முன் "நீங்க போங்க, நான் வர்றப்ப வர்றேன்" என்று சொன்னது அவள். வருகிறேன் என்று சொன்னவள் வரட்டும். அதை இதில் இழுக்காதே.

ஏழு பட்டை. மறந்துவிடாதே.

உன் அத்தான்

---

மார்ச் 17

அத்தானுக்கு,

பின் ஸ்பிரிங்குக்கு ஏழு பட்டை இல்லை, நான்கு. இன்று காலை அக்கா பட்டறைக்குப் போய்த் தானே சொல்லிவிட்டு வந்தாள். நான் உடன் இருந்தேன்.

இன்றுதான் நடக்கலாம் என்று டாக்டர் விட்டார். இடுப்புப் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு ஆட்டோவைக் கூப்பிடச் சொன்னாள். "எங்கக்கா?" என்றேன். "ரெண்டு ஆம்பளைங்க கடுதாசி போட்டுக் கட்டின கார்ல ஒரு தடவ ஏறிப் பாத்தாச்சு. இனிமே நான் கட்டிக்கிறேன்" என்றாள்.

உங்கள் கடிதத்தை முழுவதும் அவளிடம் கொடுத்திருந்தேன். முந்தைய கடிதத்தில் மறைத்த பத்தியையும் சேர்த்து. ஜன்னல் வரைக்கும் படித்தாள், ரோலர் வரைக்கும் படித்தாள். அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தாள். அப்புறம் கேட்டாள்: "இத என்கிட்ட எழுதினா என்னடா கொறைஞ்சிடும் அவருக்கு? எனக்குச் சொல்லாம ரோட்டையே சரி பண்ணியிருக்காரு. டிரைவருங்ககிட்ட லாரிக்குன்னு பொய் சொல்லியிருக்காரு. உனக்கு எழுதுறாரு. எனக்கு மட்டும் கிடையாது." உங்களுக்காக நான் எதையோ சொல்ல வாயெடுத்தேன். "நீ அவருக்குத் தபால்பெட்டியா? பெட்டி பேசாது" என்றாள்.

பட்டறையில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை.

பட்டைக்காரர் முக்காலியைத் துடைத்துப் போட்டார். அக்கா உட்காரவில்லை. ஏழு பட்டை என்று நீங்கள் சொன்னதை நான்தான் சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்துக் கேட்டார்.

"அது இருக்கட்டும் தம்பி. சிஸ்டர், வழக்கமா வண்டியில எத்தனை பேரு போவீங்க?"

"ஓட்டுற ஆள் மட்டும்."

"பின்னாடி?"

"காலி."

"சாமான்?"

"ஒரு பை."

அவர் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் எதையோ கிறுக்கினார். கிறுக்கியதை நிறுத்திவிட்டு, "வீட்டுக்காரரு?" என்றார்.

"அவரு லாரியில போவாரு" என்றாள் அக்கா.

"அக்கா, கொஞ்சம் யோசிக்கா" என்றேன். "நீ சும்மா இருடா கண்ணாடிக்காரா" என்றாள். பட்டைக்காரர் நிதானமானவர். இது விளையாட்டு இல்லை என்று அவளுக்கு எடுத்துச் சொன்னார். ஒரு ஆளுக்கென்று அடுக்கினால் மெத்தென்று போகும், முதுகுக்கு நல்லது. ஆனால் பின்னால் குடித்தனத்தை ஏற்றினால் பழையபடி தரை தட்டும். இரண்டு பேர், பெட்டி படுக்கை என்றால் குறைந்தது ஆறு வேண்டும். ஆறு போட்டு ஒரே ஆள் ஓட்டினால் ஒவ்வொரு கல்லும் முதுகில் தெரியும். இரண்டுக்கும் பொதுவாக ஒன்று கிடையாது. "எது வேணும்னு நீங்கதான் சொல்லணும் சிஸ்டர்."

"நாலு" என்றாள்.

ஷாக் அப்சார்பரையும் அவளே தேர்ந்தெடுத்தாள். மேசையில் நான்கைந்து வகை இருந்தன. ஒவ்வொன்றையும் தரையில் ஊன்றி அழுத்தச் சொல்லி, விட்டால் எவ்வளவு மெதுவாக எழும்புகிறது என்று பார்த்தாள். நீங்கள் சொன்ன கெட்டி ரகத்தை நான் இரண்டு கையாலும் அழுத்தியும் அசையவில்லை. "இது வேண்டாம். இது பாரத்தத் தாங்கும், ஆளத் தாங்காது" என்று தள்ளி வைத்துவிட்டாள். நடுத்தரமான ஒன்றுக்குச் சொல்லியிருக்கிறோம். பட்டறையை விட்டு வரும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் படியிறங்கினாள். வீட்டுக்கு வந்ததும் டிரங்குப் பெட்டி இரண்டையும் திறந்து, துணியை என் அலமாரியில் அடுக்கச் சொன்னாள். ஒரு பெட்டிதான் ஆயிற்று. இன்னொன்றை, "இருக்கட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றாள்.

எனக்கு உங்கள்மேல் இருக்கிற கோபம் தீரவில்லை. என் பிள்ளைகளைப் பற்றி எழுதியது இந்த ஜன்மத்தில் மறக்காது. அது நம் இருவருக்குள் இருக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம். இப்போது அவசரமானது வேறு.

பட்டைக்காரர் வாரத்தில் ஒரு நாள்தான் உலை மூட்டுவார். இந்த வாரம் வியாழக்கிழமை, பத்தொன்பதாம் தேதி காலை. அதுவரைக்கும் நான்கை ஆறாக்கலாம். பட்டையை வளைத்துத் துளை போட்டபின் முடியாது என்று என்னிடம் தனியாகச் சொன்னார். ஷாக் அப்சார்பர் இருபத்தோராம் தேதி வரும். இருபத்துநான்காம் தேதி மறுபடி முதுகுப் படம். அன்றைக்குப் பிறகு காரை எடுப்பேன் என்கிறாள். எங்கே என்று கேட்டேன். சொல்லவில்லை.

இந்தக் கடிதம் நாளை மதியம் உங்கள் கைக்கு வரும். அதே லாரி சாயங்காலம் இங்கே திரும்புகிறது; டிரைவரிடம் காத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். எனக்குப் பதில் வேண்டாம். உறையின்மேல் அவள் பெயரை எழுதுங்கள்.

மைத்துனன்