மீனில் இல்லாத மரபணுவும் உங்கள் கதிரையும்

என் அன்பான வத்சலா அக்கா,

நம்முடைய மீனைப் பற்றிய சேதியோடு வருகிறேன். சேதி நல்லதில்லை. எனக்கும் களைப்பாக இருக்கிறது.

மடுல்கெல்லயிலிருந்து கண்டியில் நம் ஆய்வுக்கூடத்துக்கு அதே பஸ்ஸில்தான் வருகிறேன். சோதனைச்சாவடியில் இறங்கி, அடையாள அட்டையை நீட்டி, மறுபடி ஏறுகிறோம். நீங்கள் கொழும்புக்குப் போன பஸ்ஸில் குண்டு வெடித்ததிலிருந்து, ஏறியதும் நீங்கள் எப்போதும் கேட்டு உட்காரும் ஜன்னல் சீட்டைத்தான் பார்க்கிறேன்.

மனிதன், கோழி, மீன் மூன்றிலும் மரபணுக்கள் எந்த வரிசையில் நிற்கின்றன என்று ஒப்பிடுவதுதானே நம் வேலை. மீனின் முன்னோரில் மரபணுக்கள் எல்லாம் ஒருமுறை இரட்டித்தன. அதனால் ஒவ்வொன்றுக்கும் இரண்டாவது பிரதியைத் தேடினோம். ஒன்றுக்கு மட்டும் அது கிடைக்கவில்லை. தொலைந்துவிட்டது என்று எழுதப் போனேன், நீங்கள் விடவில்லை. கரண்ட் இல்லாத நாளில் வரிசையைக் காகிதக் கீற்றுகளில் எழுதி, நீங்கள் தங்கியிருந்த போர்டிங் அறைத் தரையெல்லாம் பரப்பினீர்கள்.

"உருவம் மாறியிருக்கும். பக்கத்தில ஆர் நிக்கினம் எண்டு பாரும். அயலை வைச்சுத்தான் ஆளைப் பிடிக்கலாம்" என்றீர்கள்.

"பொலிஸ் நம்மள விசாரிக்கிற மாதிரியா அக்கா?" என்றேன். எப்படிச் சிரித்தீர்கள்!

ஆஸ்பத்திரியில் உங்கள் முகத்தைக் காட்டவில்லை. அடையாளம் தெரியாது என்றார்கள். நீங்கள் இல்லை, வேறு யாரோ என்று பிடிவாதமாக நின்றேன். பிறகு நானும் அயலைத்தான் தேடினேன். பஸ்ஸில் உங்கள் பக்கத்து சீட்டில் இருந்த பன்வில ஊர் அம்மா காயத்தோடு வார்டில் படுத்திருந்தார். "அந்தப் புள்ள வழியெல்லாம் ஏதோ மீனப் பத்தியே பேசிக்கிட்டு வந்துச்சும்மா" என்றார். அதற்குமேல் நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

போன வாரம் அந்த மீனின் முழுமையான வரிசை கைக்கு வந்தது. கீற்றுகளை மறுபடி பரப்பினேன். இடப்பக்கத்து அயல் அப்படியே இருக்கிறது, வலப்பக்கத்து அயலும் இருக்கிறது. நடுவில் ஒரு துண்டுகூட இல்லை. தொலைந்துதான் போயிருக்கிறது அக்கா. நான் சொன்னது சரியாகிவிட்டதே என்று அழுதேன்.

நேற்று ஒருவர், உட்கார ஆளில்லாமல் கிடக்கும் உங்கள் கதிரையைத் தூக்கிக்கொண்டு போக வந்தார். உங்களுக்கு மறுபக்கத்து மேசையில் இருக்கும் குமாரி சிங்களத்தில் சத்தம் போட்டுத் துரத்திவிட்டாள். அதிர்ந்து பேசாத நம்முடைய குமாரியா என்று கேட்பீர்கள். அவளேதான்.

தொலைந்தது என்று கட்டுரையில் எழுதிவிடுகிறேன். ஆனால் குமாரியும் நானும் நெருங்கி உட்கார்ந்து உங்கள் இடத்தை மூடமாட்டோம். தேடி வருகிறவர்கள் எங்கள் இருவரையும் பார்த்து, நடுவில் இருந்தது யார் என்று கேட்கட்டும்.

உங்கள் பக்கத்து மேசைத் தங்கை,
சரோஜா