நாக்குக்கு அடியில் இருந்த கல்

சேக்காளிக்கு,

நேற்று இருக்கன்குடியிலிருந்து திரும்பும் பேருந்தில் எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் ஒரு தாள் பொட்டலத்தைப் பிரித்தாள். கீறிய மாங்காய், மேலே உப்பும் மிளகாய்ப் பொடியும். அவள் ஒரு துண்டைக் கடிப்பதற்கு முன்பே எனக்குக் காதோரம் சுருக்கென்று இழுத்தது. நாக்குக்கு அடியில் சுரந்து வாய் நிறைந்துவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பி விழுங்கினேன். அவள் அதைப் பார்த்துவிட்டு ஒரு துண்டை என்னிடம் நீட்டினாள். தின்றுகொண்டிருக்கும்போதே உன் ஞாபகம் வந்து சத்தமாகச் சிரித்துவிட்டேன். பேருந்தில் தனியாகச் சிரிக்கிற பொம்பளையை யார் நம்புவார்கள்? மிச்சப் பொட்டலத்தை அவள் மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

நீ போய் ஒரு மாதம் ஆகிறது. இருந்திருந்தாலும் இதை நீ படித்திருக்க மாட்டாய். "நீயே வாசிச்சுச் சொல்லுடீ, கண்ணு வலிக்கு" என்று என் தோளில் சாய்ந்திருப்பாய். அதனால் உனக்கு வாசித்துக் காட்டுவதாகவே நினைத்து எழுதுகிறேன்.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். சிவகாசிக்கு வெளியே அந்தப் பட்டாசுக் கம்பெனியில் சரவெடி பின்னும் அறையில் நாம் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். உன்னைப் போலப் பின்னுகிறவளும் கிடையாது, உன்னைப் போலத் தின்னுகிறவளும் கிடையாது. மத்தியானம் வேப்பமரத்தடியில் தூக்குச்சட்டியைத் திறந்தால் உன் சோறு என் சோறு என்ற பேச்சே இல்லை. என் குழம்பை நீ எடுத்துக்கொள்வாய், உன் குழம்பையும் நீயே எடுத்துக்கொள்வாய். கேட்டால், ருசி பார்க்கிறேன் என்பாய். ருசி பார்த்து முடிக்கும்போது சட்டி காலியாக இருக்கும்.

அப்படிப்பட்ட உனக்குத்தான் ஒருநாள் முதல் கவளத்திலேயே முகம் கோணியது. வலது தாடைக்குக் கீழே நெல்லிக்காய் அளவுக்கு ஒரு வீக்கம் எங்கள் கண் முன்னாலேயே எழும்பியது. கூட இருந்தவர்கள் ஒரே குரலில் பொன்னுக்கு வீங்கி என்று சொல்லிவிட்டார்கள். பொன்னுக்கு வீங்கி என்றால் கழுத்தில் பொன்னைப் போடவேண்டும் என்பது நம் ஊர் வைத்தியம். உன்னிடம் பொன் என்று சொல்ல மூக்குத்தி மட்டும்தான் இருந்தது. அதனால் என் கல்யாணச் சங்கிலி உன் கழுத்துக்கு வந்தது.

அந்தச் சங்கிலி செய்த அட்டகாசத்தை இப்போது நினைத்தாலும் சிரித்து வயிறு வலிக்கிறது. கம்பெனிக்குள் நகை போட்டுக்கொண்டு போகக் கூடாது. கொண்டை ஊசியைக்கூட வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போவோம். ஆகவே மத்தியானச் சாப்பாட்டுக்குச் சங்கிலி இல்லை, தாடை வீங்கும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து சங்கிலியைப் போடுவாய்; அதற்குள் வீக்கம் வடியத் தொடங்கியிருக்கும். பொன் பட்டதும் இறங்கிவிட்டது பார் என்று தெருவே அதிசயப்பட்டது. இரவுச் சாப்பாட்டில் சங்கிலியோடு வீங்கினாலும் யாரும் அசரவில்லை. சங்கிலி ஒரு பக்கமாக விலகியிருந்தது என்று சொல்லி நேராக இழுத்துவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அதுவும் வடிந்தது. பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு அம்மாள், தன் மகனுக்கு வேண்டும் என்று ராசியான என் சங்கிலியை இரவல் கேட்டு வந்தாள்!

ஆனால் பொன்னுக்கு வீங்கி ஒரு வாரத்தில், மிஞ்சினால் பத்து நாளில் போய்விடும். உனக்கு மாதம் தாண்டியும் போகவில்லை. சிரிப்பு அடங்கியது. நம் தெருவில் ஒருவர் தாடைக் கட்டியோடு மதுரை ஆஸ்பத்திரிக்குப் போய் உயிரோடு திரும்பாததை நீயும் பார்த்திருந்தாய். வெற்றிலையோடு ஒரு துண்டு புகையிலை போடுகிற பழக்கம் உனக்கும் இருந்தது. புற்றுநோய்தான் என்று நீயே முடிவு கட்டிவிட்டாய். மென்றால் வலிக்கிறது என்று சோற்றை விட்டாய். கஞ்சித் தண்ணீரை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாய். ரவிக்கை தோளில் தொளதொளத்தது. ஆஸ்பத்திரிக்கு வா என்று கூப்பிட்டால், போனால் அறுப்பார்கள், அறுத்தால் செத்துப்போவேன் என்று ஒரே பிடிவாதம். ஒருநாள் வேப்பமரத்தடியில் எல்லோரும் தின்றுகொண்டிருக்க, நீ தள்ளி உட்கார்ந்து என்னிடம் சொன்னாய்.

"சாகுறதுக்குக்கூட பயமில்லடீ. பசிச்ச வயித்தோட சாகணுமேன்னுதான் இருக்கு."

எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. உன் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. நீ இல்லாமல் அந்த அறையில் எவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு பின்னுவது?

அடுத்த சில நாளில்தான் அது நடந்தது. கூட வேலை பார்த்த ஒருத்தி தோட்டத்து மாங்காயைக் கொண்டுவந்து கீறி உப்பில் புரட்டினாள். நீ வெறும் வயிற்றோடு சும்மா பார்த்துக்கொண்டிருந்தாய். ஒரு துண்டுகூடத் தொடவில்லை. நான் உன்னையே கவனித்துக்கொண்டிருந்தேன். என் கண் முன்னால் உன் தாடை மெல்ல எழும்பியது. நீ கையால் தடவிப் பார்த்தாய். வலியை மறந்து யோசித்தாய்.

"நான் ஒண்ணும் திங்கலயேடீ. புத்துன்னா, மாங்காயப் பாத்தா வீங்குமா?"

அந்தக் கேள்விக்காக உனக்கு ஒரு கோட்டையே எழுதி வைக்கலாம். அத்தனை பேரும் எதனால் வீங்குகிறது என்று பேசினோமே தவிர, எப்போது வீங்குகிறது என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. நான் ஒன்பதாம் வகுப்பில் உமிழ்நீர்ச் சுரப்பிகள் மூன்று ஜோடி என்று மனப்பாடம் செய்து முழு மதிப்பெண் வாங்கியவள். உணவைப் பார்த்தாலும் முகர்ந்தாலும் உமிழ்நீர் சுரக்கும் என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். அது உன் வாயைப் பற்றிய பாடம் என்று அன்றுதான் எனக்கு விளங்கியது. மறுநாளே உன்னை இழுத்துக்கொண்டு விருதுநகருக்குப் பஸ் ஏறினேன். நீயும் முரண்டு பிடிக்கவில்லை, அந்தக் கேள்வி உன்னையும் குடைந்துகொண்டிருந்தது.

காது மூக்கு தொண்டை பார்க்கிற டாக்டரம்மா உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வியே எப்போது வீங்கும் என்பதுதான். மாங்காயைப் பார்த்தால் வீங்கும் என்று நீ சொன்னாய். அந்தம்மா சிரிக்கவில்லை. கையுறை போட்ட விரலை உன் நாக்குக்கு அடியில் விட்டு, மறுகையால் தாடைக்குக் கீழிருந்து தூக்கித் தடவிப் பார்த்தார். எக்ஸ்ரேக்கு அனுப்பினார். படம் வந்ததும் விளக்குக்கு நேராகப் பிடித்து, முன்பல்லுக்குப் பின்னால் அரிசி போல் தெரிந்த ஒரு வெள்ளைப் புள்ளியைக் காட்டினார்.

"புத்தும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா. எச்சி வர்ற குழாயில கல்லு அடைச்சிருக்கு."

நீ என் கையைப் பிடித்திருந்தாய். அந்தப் பிடியில் என் விரல் நெரிந்தே போயிருக்கும்.

பிறகு அவர் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் ஒரு முகம் வரைந்து விளக்கினார். காதுக்கு முன்னால் கன்னத்தில் இருப்பது பெரிய ஜோடி. பொன்னுக்கு வீங்கியில் வீங்குவது பெரும்பாலும் அதுதான். நாக்குக்கு அடியில் சின்ன ஜோடி. தாடை எலும்புக்கு உட்பக்கம், கீழே இருப்பது இன்னொரு ஜோடி. நமக்குத் தொல்லை கொடுத்தது அந்த மூன்றாவது. சும்மா இருக்கும்போது வாயை நனைத்து வைப்பது பெரும்பாலும் அதன் வேலை. அதில் ஊறும் எச்சில் கொஞ்சம் கெட்டியானது. அதன் குழாய் நீளமானது, கீழிருந்து மேலே ஏறி நாக்கின் அடியில் வந்து திறக்கிறது. உடம்பில் தண்ணீர் குறைந்தால் எச்சில் இன்னும் கெட்டியாகி, உப்பு படிந்து கல்லாகிவிடும். வாய் ஊறும்போது எச்சில் வெளியே வர வழியில்லாமல் சுரப்பி வீங்கும். கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்தபின் வடியும். மூன்று ஜோடியும் சேர்ந்து நாள் ஒன்றுக்கு ஒரு லிட்டர் வரை எச்சில் ஊறுமாம். சோற்றை நனைத்து விழுங்க வைப்பது, வாயிலேயே அதைக் கரைக்கத் தொடங்குவது, பல்லைச் சொத்தையாகாமல் காப்பது, கிருமியைக் கொல்வது எல்லாம் அதன் வேலை. இத்தனையும் கேட்டுவிட்டு நீ, "எச்சியக் கேவலமாப் பேசக்கூடாது போலயே டாக்டரம்மா" என்றாய். அப்போதுதான் அவர் சிரித்தார்.

கல் குழாயின் வாசலுக்குப் பக்கத்தில் இருப்பதால் கொஞ்ச நாள் பார்க்கலாம், நிறையத் தண்ணீர் குடி, புளிப்பாக எதையாவது சப்பு, வெளியிலிருந்து முன்பக்கமாக நீவிவிடு, வராவிட்டால் மரத்துப்போக ஊசி போட்டுச் சின்னதாகக் கீறி எடுத்துவிடலாம் என்று மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். தண்ணீர் குடிப்பீர்களா என்று கேட்டபோது நாம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வெடிமருந்துக்குத் தண்ணீர் ஆகாது என்று குடிதண்ணீர்ப் பானை கம்பெனி வாசலில் இருந்தது. கழிப்பறை அதற்கும் அப்பால். பின்னுகிற சரத்துக்குத்தான் கூலி. எழுந்து போனால் வேலை போச்சு என்று, காலையில் இருந்து நாக்கை நனைக்காமல் பின்னுவதை ஒரு சாமர்த்தியமாகவே நாம் எல்லோரும் வைத்திருந்தோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் வீட்டு முற்றத்தில் உனக்கு நடந்த உபசாரம் மாப்பிள்ளைக்குக்கூட நடந்திருக்காது. எலுமிச்சம்பழம் ஒரு பக்கம், புளியங்காய் ஒரு பக்கம். நீ சப்பச் சப்ப தாடை வீங்கியது, கண்ணில் நீர் வழிந்தது. நான் எண்ணெய் தொட்டு தாடைக்குக் கீழே பின்னாலிருந்து முன்னால் நீவினேன். அம்மா அம்மா என்று முனகிக்கொண்டே, விடாதே, நீவு என்று என் கையை நீயே பிடித்து அழுத்தினாய். திடீரென்று உன் வாயிலிருந்து தண்ணீர் பீச்சியடித்து என் மூஞ்சியில் விழுந்தது. அதோடு உன் நாக்கில் ஏதோ தட்டுப்பட்டது. உள்ளங்கையில் துப்பினாய். அரிசியைவிடக் கொஞ்சம் பெரிதாக, மஞ்சளாக, சொரசொரவென்று ஒரு கல்.

இத்தனூண்டு கல்லா நம்மை இந்தப் பாடு படுத்தியது என்று இரண்டு பேரும் அதையே பார்த்தோம். நான் முகத்தைத் துடைக்கக்கூட மறந்துபோனேன். தாடை தானாக வடிந்துகொண்டிருந்தது. நீ தடவிப் பார்த்தாய், வாயைத் திறந்து மூடினாய், அழுதாய். அழுதுகொண்டே அடுக்களையை எட்டிப் பார்த்து, "மீன் கொளம்பா வச்சிருக்க?" என்றாய். அன்று என் வீட்டுச் சட்டியில் உனக்குப் பிறகு யாருக்கும் எதுவும் மிஞ்சவில்லை. என் வீட்டுக்காரர் ஊறுகாயோடு சாப்பிட்டார். அவரும் சந்தோஷமாகத்தான் சாப்பிட்டார்.

வேறு எவளாக இருந்தாலும் அந்தக் கல்லைத் தூரப் போட்டிருப்பாள். நீ தீப்பெட்டியில் பஞ்சு வைத்து, அதன்மேல் கல்லை வைத்து, மறுநாள் போர்மேன் அண்ணாச்சியின் மேசையில் திறந்து வைத்தாய். ஏதோ வெடிமருந்துக் கட்டி என்று பயந்து அவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"பயப்படாதீக அண்ணாச்சி. இது ஒங்க கம்பெனியில வெளஞ்சது, என் வாய்க்குள்ள. தண்ணி குடிக்காம வெளஞ்சது. இங்கன இருக்க அம்புட்டுப் பேரு வாய்லயும் ஒண்ணொண்ணு வெளஞ்சா யாரு வந்து பின்னுவா?"

மருந்து அறைக்குப் பக்கத்தில் தண்ணீர் வைக்க முடியாது என்று அவர் சட்டம் பேசினார். அறைக்குள் கேட்கவில்லை, எழுந்து நடந்தால் குடித்துவிட்டு வருகிற தூரத்தில் கேட்கிறோம், கழிப்பறையும் அதே தூரத்தில் வேண்டும், குடிக்க மணி அடிக்க வேண்டும் என்று நீ ஒவ்வொன்றாகச் சொன்னாய். பார்க்கலாம் என்றார். சரி, பார்த்துவிட்டுக் கூப்பிடுங்கள் என்று நீ வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தாய். நான் உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்புறம் அறை அறையாகப் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். தீபாவளிச் சீசனின் முதல் லோடு ஏற்ற வந்த லாரி வாசலில் நின்றுகொண்டிருந்தது. மத்தியானத்துக்குள் முதலாளியிடம் பேசிவிட்டு அண்ணாச்சி வந்தார். எல்லாம் வரும், போய் வேலையைப் பாருங்கள் என்றார். பானையாவது முதலில் வரட்டும் என்று நீ அசையவில்லை. பொழுது சாய்வதற்குள் பானை வந்தது, பந்தல் வந்தது. முதல் செம்பை நீ அண்ணாச்சிக்கு மொண்டு கொடுத்தாய். அவரும் வாங்கிக் குடித்தார். சீசன் முடிந்து கழிப்பறையும் வந்தது. இன்று வரைக்கும் அங்கே காலையிலும் மத்தியானத்திலும் தண்ணீருக்கு மணி அடிக்கிறார்கள். புதிதாக வருகிற பிள்ளைகள் அது கவர்மெண்டு ரூல் என்று நினைக்கிறார்கள். இல்லை, அது என் சேக்காளி போட்ட ரூல் என்று நான் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் தூக்கத்திலேயே உன் நெஞ்சு நின்றுவிட்டது. உனக்கு வாய்க்கரிசி போட என் முறையும் வந்தது. நான் எண்ணெய் தொட்டு நீவிய அதே தாடை. அரிசி விழுந்த இடத்தில் அப்படியே உலர்ந்து கிடந்தது. அந்த வாயில் விழுந்த எதுவும் அப்படிக் கிடந்து நான் பார்த்ததில்லை. நீ போய்விட்டாய் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தெருமுனை வரை கேட்க அழுதேன்.

அழுது முடித்தபின் ஒரு கர்வமும் வந்தது, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? கஞ்சித் தண்ணீரோடு முடிந்துவிடும் என்று நீ பயந்த உயிர், அதற்கப்புறம் மகள் கல்யாணப் பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்தது. பேரனுக்குக் காது குத்திய கறிச்சோற்றை மூன்று தரம் வாங்கித் தின்றது. போவதற்கு முந்தின நாள் ராத்திரிகூடத் தோசை மொறுமொறுப்பாக இல்லை என்று மருமகனிடம் சண்டை போட்டிருக்கிறாய். பசித்த வயிற்றோடு உன்னை அனுப்ப எமனாலும் முடியவில்லை.

எல்லாம் முடிந்து குளித்துவிட்டு வந்ததும், உன் சம்பந்தி வீட்டார் இலை போட்டார்கள். எனக்கு வாய் காய்ந்து நாக்கு மேலே ஒட்டியிருந்தது. சோறு இறங்காது என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். ரசத்தை ஊற்றினார்கள். பூண்டும் புளியும் கொதித்த அந்த வாசனை மூக்கில் ஏறியது. காதோரம் இழுத்தது, நாக்குக்கு அடியில் ஊறியது, வாய் நிறைந்தது. என்னைச் சுற்றி எல்லோரும் இலையை அளைந்துகொண்டு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள். நான் நிமிர்ந்து, பந்தி முழுக்கக் கேட்கும்படி, இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னேன்.